பாஸ்கராச்சாரியாரும் பிடிவாதமான வர்க்கமூலங்களும்

படிவம் 4-இல் கூடுதல் கணிதம் எடுத்தவங்களுக்கு 'சர்ட்' என்ற பாடம் நல்லாவே ஞாபகம் இருக்கும். முழு எண்ணாகவும் வராமல், பின்னமாகவும் வராமல், √ குறிக்குள்ளேயே பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும் எண்கள். எங்கள் கிளையின் ஞாயிற்றுக்கிழமை டியூஷன் வகுப்பில் தம்பி தங்கைகள் என்னிடம் அதிகமாகக் கேட்பது இரண்டே கேள்விதான். கால்குலேட்டரில் தட்டினால் தசமமாக வந்துவிடும் எண்ணை எதுக்கு √ போட்டே வச்சிருக்கணும்? √2-ஐயும் √8-ஐயும் கூட்டினால் ஏன் √10 வராது?

இந்த இரண்டுக்கும் நான் படித்ததிலேயே தெளிவான பதில் இருப்பது 1150-ஆம் ஆண்டில் எழுதி முடிக்கப்பட்ட ஒரு நூலில். எழுதியவர் பாஸ்கராச்சாரியார். நான் சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன், சமஸ்கிருதம் தெரியாது. கோல்புரூக் என்ற ஆங்கிலேயர் 1817-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு, பக்கத்தில் தாளும் பேனாவும் வைத்து ஒவ்வொரு கணக்காகப் போட்டுப் பார்த்துத்தான் படித்தேன். அப்படிப் படித்ததில் தெரிந்த பாஸ்கரரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பாஸ்கரர் வேற ஆளு. அவரையும் நடுவில் ஒரு தடவை பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்தியக் கணித வரலாற்றில் இரண்டு பாஸ்கரர்கள் உண்டு. முதலாமவர் 7-ஆம் நூற்றாண்டு. நம்ம ஆள் இரண்டாமவர். பிறந்த ஆண்டு 1114. அவரே தன் நூலில் சக ஆண்டு 1036 என்று எழுதி வைத்திருக்கிறார், அதனால் இதில் சண்டைக்கே இடமில்லை. ஊர் சஹ்யாத்ரி மலையை ஒட்டிய விஜ்ஜடவிடம். அது இன்றைய மகாராஷ்டிரத்தின் சாளிஸ்காவ் பக்கம் என்பவர்களும் உண்டு, கர்நாடகத்தின் பீஜப்பூர் என்பவர்களும் உண்டு. அப்பா மகேஸ்வரர் சோதிடமும் வானியலும் தெரிந்த பண்டிதர். மகனுக்கு குருவும் அவர்தான். வேறு பெரிய பாடசாலைக்குப் போய் படித்ததாகப் பாஸ்கரர் சொல்லவில்லை. அப்பாவிடம் கற்றேன் என்றுதான் எழுதுகிறார்.

36 வயதில் 'சித்தாந்த சிரோமணி' என்ற பெரிய நூலை முடித்தார். அதில் நாலு பகுதி. முதல் பகுதி லீலாவதி: எண்கணிதமும் வடிவியலும். இரண்டாவது பீஜகணிதம்: இப்போது நாம் அல்ஜிப்ரா என்று படிப்பது. மற்ற இரண்டும், கிரககணிதமும் கோளாத்தியாயமும், வானியல். நான் முழுசாகக் கணக்குப் போட்டுப் பார்த்தது முதல் இரண்டைத்தான், அதனால் அவற்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

லீலாவதியில் செங்கோண முக்கோணக் கணக்குகள் கதை மாதிரி வரும். 32 முழ மூங்கில் ஒன்று காற்றில் முறிந்து, அதன் நுனி அடிமரத்திலிருந்து 16 முழம் தள்ளித் தரையைத் தொடுகிறது. எந்த உயரத்தில் முறிந்தது? நாம் என்ன செய்வோம்? உயரத்துக்கு ஒரு எழுத்து வைத்து, பித்தகோரஸ் போட்டு, அடைப்புக்குறியை விரித்து, நாலு வரி எழுதுவோம். பாஸ்கரர் வேறு வழியில் போகிறார். நின்ற துண்டும் விழுந்த துண்டும் சேர்ந்தால் 32. அவற்றின் வர்க்கங்களின் வித்தியாசம் 16-இன் வர்க்கம், அதாவது 256. வர்க்கங்களின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் துண்டுகளின் வித்தியாசம் கிடைக்கும்: 256-ஐ 32-ஆல் வகுக்க 8. கூட்டல் 32, வித்தியாசம் 8. அப்படியானால் துண்டுகள் 12-உம் 20-உம். வர்க்கமூலமே எடுக்கவில்லை! மூலம் வரும் முன்னாலேயே கோவையைச் சுருக்கிவிட்டால் மூலத்தைத் தொடவே தேவையில்லை. தாமரைத் தண்டு காற்றில் சாய்ந்து மூழ்கும் கணக்கிலும், 9 முழத் தூணின் மேல் இருக்கும் மயில் 27 முழம் தள்ளி வரும் பாம்பின் மேல் பாயும் கணக்கிலும் இதே சூட்சுமம்தான்.

இந்தக் கணக்குகளில் விடை அழகாக முழு எண்ணாகவோ எளிய பின்னமாகவோ வரும்படி எண்களைப் பொறுக்கிப் போட்டிருக்கிறார். ஆனால் மாணவனை அதிலேயே ஏமாற்றி உட்கார வைக்கவில்லை. இன்னொரு கணக்கும் வருகிறது. செங்கோணத்தின் இரண்டு பக்கமும் மூன்றேகால், மூன்றேகால். கர்ணம் எவ்வளவு? (பள்ளியில் தமிழில் 'கர்ணம்' என்று சொல்கிறோமே, அது பாஸ்கரர் பயன்படுத்திய அதே சொல்.) மூன்றேகால் என்பது 13/4. வர்க்கங்களைக் கூட்டினால் 338/16, சுருக்கினால் 169/8. இதற்கு மூலம் சரியாக வராது. அந்த மாதிரி எண்ணுக்குப் பெயர் 'கரணி'. இன்றைய சர்ட்.

இங்கே அவர் இரண்டு காரியம் செய்கிறார். ஒன்று, விடை கரணிதான், அது அப்படியே இருக்கட்டும் என்று ஒத்துக்கொள்கிறார். இரண்டு, மரம் அறுக்கிறவனுக்கும் நிலம் அளக்கிறவனுக்கும் ஒரு எண் வேணுமே, அதற்குக் கிட்டத்தட்ட மதிப்பு எடுக்கும் வழி சொல்கிறார். தொகுதியையும் பகுதியையும் பெருக்கு: 169 × 8 = 1352. அதை ஒரு பெரிய வர்க்க எண்ணால், 10000-ஆல், பெருக்கு: 13520000. இதன் மூலம் ஏறக்குறைய 3677. அதை 100-ஆலும் பழைய பகுதியான 8-ஆலும் வகு: 3677/800. தசமத்தில் 4.59625. உண்மையான மதிப்பு 4.59619 என்று தொடங்குகிறது. நாலாவது தசம இடத்தில்தான் வித்தியாசம் தலைகாட்டுகிறது. இன்னும் துல்லியம் வேணுமா? 10000-க்குப் பதிலாக இன்னும் பெரிய வர்க்க எண்ணை எடுத்துக்கொள்.

எதுக்கு √ போட்டே வைக்கணும் என்ற கேள்விக்கு எனக்கு இந்த ஒரு கணக்கே போதும். தசமமாக மாற்றுவது கடைசிக் காரியம். நடுவிலேயே மாற்றினால் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் துல்லியம் கசியும். எங்கள் கட்டமைப்புப் பாடத்திலும் விரிவுரையாளர்கள் இதைத்தான் தலைபாடாகச் சொல்கிறார்கள்.

இனி அடுத்த கேள்வி, √2 + √8. இதற்குக் கரணி என்ற சொல்லின் பூர்வீகத்துக்குப் போகணும். பாஸ்கரருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, வேள்விக் குண்டங்களை அளந்து கட்டுவதற்கான சுல்ப சூத்திரங்கள் இருந்தன. சுல்பம் என்றால் கயிறு. ஒரு சதுரத்தின் குறுக்கே மூலைக்கு மூலை கயிற்றை இழுத்து, அந்தக் கயிற்றைப் பக்கமாக வைத்துப் புதுச் சதுரம் போட்டால், பரப்பு சரியாக இரண்டு மடங்கு. அந்தக் கயிற்றுக்கு 'த்விகரணி' என்று பெயர். இரண்டை உண்டாக்குவது என்று அர்த்தம். நாம் √2 என்று எழுதுவது அதைத்தான். ஆக, கரணி முதலில் தாளில் இருந்த குறி இல்லை. தரையில் கிடந்த ஒரு நீளம். கரணி 2 என்றால் பரப்பு 2 உள்ள சதுரத்தின் பக்கம், கரணி 8 என்றால் பரப்பு 8 உள்ள சதுரத்தின் பக்கம்.

இப்போது யோசிச்சுப் பாருங்க. பரப்பு 8 உள்ள சதுரம், பரப்பு 2 உள்ளதைப் போல நாலு மடங்கு. அப்படியானால் அதன் பக்கம் இரண்டு மடங்கு. இரண்டு பக்கத்தையும் நீளவாக்கில் ஒட்டினால் சின்னப் பக்கத்தைப் போல மூன்று மடங்கு நீளம். அந்த நீளத்தில் ஒரு சதுரம் போட்டால் பரப்பு 9 × 2, அதாவது 18. ஆகவே √2 + √8 = √18. பரப்புகளைக் கூட்டினால் 10 வரும், ஆனால் கேட்டது பக்கங்களின் கூட்டலை. படம் வரைந்து காட்டினால் யாரும் √10 என்று எழுத மாட்டாங்க.

பீஜகணிதத்தில் பாஸ்கரர் எடுத்துக்கொள்வதும் இதே 2-உம் 8-உம்தான். இரண்டையும் கூட்டு, 10. இரண்டையும் பெருக்கு, 16. அதன் மூலம் 4. இரட்டிப்பாக்கு, 8. 10-உம் 8-உம் சேர்ந்தால் கூட்டலின் கரணி, 18. 10-இலிருந்து 8 போனால் கழித்தலின் கரணி, 2. அடுத்து 3-உம் 27-உம். கூட்டினால் 30, பெருக்கினால் 81, மூலம் 9, இரட்டித்தால் 18. ஆகவே விடை கரணி 48, கழித்தால் கரணி 12. மூன்றாவதாக 3-உம் 7-உம் கொடுக்கிறார். பெருக்கினால் 21, மூலம் வராது. அப்படின்னா இரண்டையும் தனித்தனியா வச்சிடு, சேர்க்காதே. எது சேரும், எது சேராது என்பதற்கு இதைவிடச் சின்ன சோதனை எனக்குத் தெரியாது. பாடநூலில் பகா எண்களாக உடைத்து வெளியே எடுப்போம். இது பெருக்கி ஒரு மூலம் பார்த்தால் முடிந்தது.

அவருடைய எழுத்துமுறையையும் சொல்லணும். √ குறி அப்போது கிடையாது. கரணிக்கு 'க' என்ற எழுத்து, சாதாரண எண்ணுக்கு 'ரூ'. ஆக 10 + √24 + √40 + √60 என்பதை ரூ 10 க 24 க 40 க 60 என்று எழுதுவார். இந்த மொத்தக் கோவைக்கும் வர்க்கமூலம் காணச் சொல்கிறார்! மூலத்துக்குள் மூலம். முதல் தடவை பார்த்தபோது நான் புத்தகத்தை மூடி வச்சிட்டு ஒரு தே தாரே குடிக்கப் போயிட்டேன். ஆனால் வழி ரொம்ப நேர்த்தி. 10-இன் வர்க்கம் 100. அதிலிருந்து 24-ஐயும் 40-ஐயும் கழி, 36. மூலம் 6. 10-உம் 6-உம் கூட்டிப் பாதியாக்கினால் 8, கழித்துப் பாதியாக்கினால் 2. இந்த 2-ஐ ஒரு கரணியாக எடுத்து வைத்துக்கொள். 8-ஐ மறுபடி அதே ஆலையில் போடு: வர்க்கம் 64, மிச்சமிருந்த 60-ஐக் கழி, 4, மூலம் 2. 8-உம் 2-உம் கூட்டிப் பாதி 5, கழித்துப் பாதி 3. விடை: √2 + √3 + √5. வர்க்கம் எடுத்துச் சரிபாருங்கள், அச்சு அசலாகப் பழைய கோவை வரும்.

சரிபாருங்கள் என்று நான் சொல்வது சும்மா இல்லை. பாஸ்கரரே அதில் கறார். ரூ 10 க 32 க 24 க 8 என்று ஒரு வலை விரிக்கிறார். மூன்று கரணியையும் மொத்தமாகக் கழித்தால் 100 − 64 = 36, மூலம் 6, அப்புறம் 8-உம் 2-உம். √8 + √2 என்று விடை வந்தது போலவே இருக்கும். ஆனால் அதை வர்க்கமாக்கினால் 18. கொடுத்த கோவையோ 23-ஐத் தாண்டுகிறது. மூன்று கரணி இருந்தால் முதலில் இரண்டைத்தான் கழிக்கணும் என்ற விதி இருக்கிறது, இங்கே அது நடக்கவில்லை, ஆகவே இந்த விடை தப்பு என்கிறார். தனக்கு முன் எழுதியவர்கள் இந்த இடத்தை விரிவாகச் சொல்லவில்லை என்றும் குறைப்படுகிறார்.

கணக்கு வந்துவிட்டது என்பவங்களுக்கு அவருடைய இன்னொரு உதாரணம்: ரூ 16 க 120 க 72 க 60 க 48 க 40 க 24. இதன் மூலத்தில் நாலு கரணி இருக்கும். விடையை நான் எழுதப் போவதில்லை.

அவர் பெரியவர்களோடு மோதத் தயங்காதவர் என்பதற்கு லீலாவதியிலும் ஒரு இடம் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடித்தது. நாலு பக்கத்தின் நீளம் மட்டும் தெரிந்தால் நாற்கரத்தின் பரப்பு காண 7-ஆம் நூற்றாண்டின் பிரம்மகுப்தர் ஒரு சூத்திரம் தந்திருந்தார்: சுற்றளவில் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகக் கழித்து, நாலையும் பெருக்கி, மூலம் எடு. ஒரே வட்டத்தின் மேல் நாலு மூலையும் உட்காரும் நாற்கரத்துக்கு இது அற்புதமாக வேலை செய்யும். மற்றதுக்கு? நாலு பக்கமும் 25 என்று வையுங்கள். சூத்திரப்படி 625. சதுரமாக இருந்தால் சரி. ஆனால் அதே நாலு குச்சியைச் சாய்த்து, ஒரு மூலைவிட்டம் 30 வரும்படி வைத்தால்? 25-இன் வர்க்கத்தில் 15-இன் வர்க்கம் போக 400, மூலம் 20, மறு மூலைவிட்டம் 40, பரப்பு 600. பக்கம் மாறவே இல்லை, பரப்பு மாறிவிட்டது. ஆகவே மூலைவிட்டமோ செங்குத்தோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பு கேட்கிறவன் ஒரு பிசாசு, கேட்டதும் பதில் சொல்லக் கிளம்புகிறவன் அதைவிட மோசம் என்ற தோரணையில் ஒரு போடு போடுகிறார். 12-ஆம் நூற்றாண்டில் ஒரு கணித ஆசிரியருக்கு இவ்வளவு கோபம்! தேர்வுத்தாள் தயாரிப்பவர்கள் படிக்க வேண்டிய பக்கம்.

பித்தகோரஸ் தேற்றத்துக்கு அவர் பீஜகணிதத்தில் தரும் நிரூபணமும் கோவையைச் சுருக்கும் வேலைதான். பக்கங்கள் 15-உம் 20-உம் உள்ள முக்கோணம் நாலு எடுத்துக்கொள். கர்ணங்கள் வெளிப்பக்கம் இருக்கும்படி அடுக்கினால் பெரிய சதுரம் வரும், நடுவில் பக்கம் 5 உள்ள குட்டிச் சதுரம் காலியாக நிற்கும். நாலு முக்கோணம் 600, நடுச் சதுரம் 25, மொத்தம் 625, மூலம் 25. எண்ணை எடுத்துவிட்டு எழுத்தைப் போட்டாலும் அதே கதை: இரண்டு பக்கங்களின் வித்தியாசத்தின் வர்க்கமும், பெருக்கலின் இரட்டிப்பும் சேர்ந்தால், வர்க்கங்களின் கூட்டல். கத்தரிக்கோல் எடுத்து அட்டையில் வெட்டிப் பாருங்க, ஐந்து நிமிட வேலை.

இப்போது வாட்ஸ்அப் பாஸ்கரர். நியூட்டனுக்கு 500 ஆண்டு முன்பே புவியீர்ப்பைக் கண்டுபிடித்துவிட்டார் என்ற செய்தி தீபாவளி வாழ்த்து மாதிரி ஆண்டுதோறும் வந்துவிடும். பூமிக்கு இழுக்கும் சக்தி உண்டு, அதனால்தான் பொருள்கள் விழுவது போல் தெரிகிறது என்று கோளாத்தியாயத்தில் எழுதியிருப்பது உண்மை. ஆனால் அந்த இழுப்பு தூரத்தோடு எப்படிக் குறைகிறது என்ற கணக்கு அங்கே இல்லை. அதைச் செய்தவர் நியூட்டன். இதைச் சொன்னால் சில அண்ணன்மாருக்குக் கோபம் வருகிறது. எனக்கு வரும் கோபம் வேறு: அவர் உண்மையாகவே செய்த கரணிக் கணக்கு ஒன்றைக்கூட போட்டுப் பார்க்காமல், அவர் செய்யாததற்குப் பெருமைப்பட்டுக்கொண்டு இருக்கிறோமே!

லீலாவதி யார் என்ற கதையும் இதே வகை. பாஸ்கரரின் மகள், அவளுடைய கல்யாண முகூர்த்தம் பார்க்கத் தண்ணீரில் மிதக்கவிட்ட ஓட்டைக் கிண்ணத்தில் அவள் ஆடையிலிருந்து முத்து விழுந்து அடைத்துக்கொண்டது, நேரம் தவறிக் கல்யாணம் நின்றது, ஆறுதலுக்கு அப்பா அவள் பெயரில் நூல் எழுதினார் என்பார்கள். இந்தக் கதை பாஸ்கரரின் நூலில் கிடையாது. அக்பர் கேட்டு 1587-இல் ஃபைஸி செய்த பாரசீக மொழிபெயர்ப்பின் முன்னுரையில் வருகிறது. நூலுக்குள்ளே நிஜமாக இருப்பது என்ன தெரியுமா? நண்பனே, கணக்கனே என்று கூப்பிடுகிற அதே இயல்போடு, பெண்ணே, மான்விழியாளே என்று கூப்பிட்டுக் கணக்குக் கேட்கிறார். தேன் குடிக்கப் போன வண்டுக்கூட்டம் எத்தனை என்று கேட்கும் வர்க்கமூலக் கணக்கு ஒன்று உண்டு, விடை 72. அதில் கேள்வி ஒரு பெண்ணிடம்தான். கல்யாணம் நின்று அழுத பெண்ணாக லீலாவதியை மேடையில் காட்டுவதை விட, கணக்குப் போடும் பெண்ணாகக் காட்டுவதே நூலுக்கு நெருக்கம். கலைநிகழ்ச்சிக்கு நாடகம் எழுதும் தங்கைகள் கவனிக்கவும்.

69 வயதிலும் பாஸ்கரர் எழுதினார். 1183-ஐத் தொடக்கமாக வைத்துக் கிரக நிலைகளைச் சுலபமாகக் கணிக்க 'கரண குதூகலம்' என்ற கைநூல் செய்தார். மகன் லட்சுமிதரர் யாதவ அரசன் ஜைத்ரபாலனின் அவைப் பண்டிதரானார். பேரன் சங்கதேவர் அடுத்த அரசன் சிங்கணனின் அவையில் தலைமைச் சோதிடர்.

அந்தப் பேரன்தான் தாத்தாவுக்கு ஒரு காரியம் செய்தார். சிலை வைக்கவில்லை. பாஸ்கரரின் நூல்களைப் படித்துச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே ஒரு மடம் அமைத்தார். அதற்கு அந்தப் பகுதியை ஆண்ட சிற்றரசர் குடும்பம் 1207-இல் மானியம் கொடுத்தது. சாளிஸ்காவ் அருகே பாட்டண் என்ற ஊரில், பாழடைந்த ஒரு கோயிலில், இதையெல்லாம் சொல்லும் கல்வெட்டு 19-ஆம் நூற்றாண்டில் கிடைத்தது. பாஸ்கரருக்கு முன் ஆறு தலைமுறை, பின் இரண்டு தலைமுறை, எல்லாப் பெயரும் அந்தக் கல்லில் வரிசையாக இருக்கின்றன.